பறவை திருத்திய துப்பாக்கி

கவிஞர்கள் கூடி வெளியிடும் மலரில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நாரையைத் தூது விட்ட மரபில் வந்தவர்கள் நாம். அந்த நாரையை வீழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட கருவியின் வரலாற்றை நாம் ஏன் அறிய வேண்டும்?

விடை எளியது. ஒரு நாட்டார் ஒரு பறவையை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதைப் பாட்டிலிருந்து அறியலாம், கருவியிலிருந்தும் அறியலாம். பிரித்தானியக் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் நீர்ப்பறவை வேட்டைக்கெனச் செய்யப்பட்ட பழைய துப்பாக்கிகள் இரும்பிலும் மரத்திலும் எழுதப்பட்ட ஆவணங்கள். அவற்றைத் தேடிச் சேர்ப்போரும், மருந்திட்டு வெடித்துப் பார்ப்போரும் இன்றும் அந்நாட்டில் உள்ளனர். அந்த ஆவணங்களைச் சற்றே விரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கழியும் குளிரும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் எனப்படும் பெருங்கழி, எசெக்ஸ் மாவட்டத்துச் சேற்றுவெளிகள், தெற்கே சொலென்ட் நீரிணையை ஒட்டிய உவர்நிலங்கள், மேற்கே செவர்ன் ஆற்றின் முகத்துவாரம் ஆகியவை குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து வரும் பறவைகளின் புகலிடங்கள். நம் கோடியக்கரைக்கும் கூந்தன்குளத்துக்கும் வலசை வருகின்ற கிளுவையும், ஊசிவால் வாத்தும், நாமத்தலை வாத்தும் அங்கும் உண்டு. அவற்றோடு பெருவாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும்.

நம் இலக்கணத்தார் நெய்தல் என்று வகுத்த நிலத்தின் குளிர்நாட்டு வடிவம் இது எனலாம். அங்கு வாழ்ந்த எளிய மக்களுக்குக் கோடையில் மீனும் கோரையும், குளிர்காலத்தில் பறவையும் பிழைப்பைத் தந்தன. வீழ்த்திய வாத்துகள் கூடை கூடையாக லண்டன் மாநகரின் லெடன்ஹால் சந்தைக்குச் சென்றன. செல்வருக்கு விளையாட்டாக இருந்த வேட்டை, கரையோரத்து ஏழைக்கு அடுப்பெரியும் வழியாக இருந்தது. இந்த இரு சாராரின் தேவைகளும் ஒரே கருவியை இரு திசைகளில் இழுத்தன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

காட்டு முயலையோ கௌதாரியையோ வேட்டையாடுவதற்கு ஆறேழு பவுண்டு எடையுள்ள மெல்லிய துப்பாக்கி போதும். நீர்ப்பறவையின் நிலைமை வேறு. அது மறைவற்ற வெளியில் வாழ்கிறது. தொலைவிலேயே மனிதனைக் கண்டுகொள்கிறது. அடர்ந்த இறகால் தன்னைப் போர்த்தியிருக்கிறது. அதை எட்டுவதற்கு மிகுந்த ஈயமும் மிகுந்த மருந்தும் வேண்டும். அவற்றைத் தாங்கக் கனத்த குழல் வேண்டும். நீர்ப்பறவைத் துப்பாக்கி தனி இனமாகப் பிரிந்து வளர்ந்த காரணம் இதுவே.

மின்னொளியைக் கண்ட வாத்து

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் வேடர்கள் கையாண்டது சிக்கிமுக்கிக் கல் பூட்டப்பட்ட துப்பாக்கி. விசையை இழுத்தால் குதிரை விழும். அதன் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து, வெளியே ஒரு சிறு கிண்ணியில் உள்ள மருந்தைப் பற்றும். அத்தீ ஒரு நுண்துளை வழியே உட்சென்று குழலில் கெட்டித்த மருந்தை வெடிக்கச் செய்யும். சொல்லும்போது நீளும் இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். ஆயினும் கிண்ணியில் மின்னும் ஒளிக்கும், வாயிலிருந்து ஈயம் புறப்படுவதற்கும் இடையே ஒரு கணப்பொழுது தாமதம் உண்டு. ஈர மண்டிய கடற்கரையில் அத்தாமதம் இன்னும் நீளும்.

மனிதன் பொருட்படுத்தாத அக்கணம் பறவைக்குப் போதுமானதாயிருந்தது. ஒளியைக் கண்டதும் முக்குளிக்கும் வாத்து நீருள் மறையும். ஏனையவை திசை மாறும். ஈயம் வெற்று நீரைத் துளைக்கும்.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு வடக்கே பெல்ஹெல்வி என்னும் சிற்றூரில் திருச்சபை ஊழியராக இருந்தவர் அலெக்சாந்தர் ஜான் ஃபோர்சைத். 1768 இல் பிறந்த இவர் வேதியியலிலும் எந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிக்கவர். ஓய்வு வேளைகளில் கடற்கரை வாத்துகளை வேட்டையாடுபவர். கிண்ணியின் ஒளி தம்மைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை உணர்ந்த இவர், முதலில் பூட்டின்மேல் ஒரு மூடியை அமைத்து அதை மறைக்க முயன்றார் என்பர். பின்னர், ஒளியை மறைப்பதைவிட ஒளியே இல்லாமற் செய்வது மேல் என்ற முடிவுக்கு வந்தார். அடித்தால் வெடிக்கும் வேதியுப்புகள் அப்போது ஆய்வாளர்க்கு அறிமுகமாகியிருந்தன. தீபாவளியில் நம் குழந்தைகள் கல்லால் தட்டி மகிழும் பொட்டு வெடியின் தத்துவமே அது. அத்தகைய கலவையின் சில துகள்களைக் குழலருகே வைத்து, குதிரையைச் சுத்தியல்போல் அதன்மேல் விழச் செய்தார். கலவையை வைத்திருக்கும் சிறு கலம் அத்தர்க் குப்பியின் வடிவில் இருந்ததால், இப்பூட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது.

1807 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே லண்டன் கோபுரக் கோட்டையில் இவர் சில காலம் படைத்துறைக்காக ஆய்வு நடத்தினார். ஆனால் பொறுப்பிலிருந்த தலைவர் மாறியதும் அப்பணி நிறுத்தப்பட்டது. 1840 ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் பிரித்தானியப் படை இம்முறையை முழுமையாக ஏற்றது. 1843 இல் ஃபோர்சைத் காலமானார். சிறு செப்பு மூடிக்குள் வெடியுப்பை அடைக்கும் முறையும், பின்னர் வந்த தோட்டாவும், உலகப் போர்களில் முழங்கிய துப்பாக்கிகளும் இந்த ஒரு கருத்தின் வழித்தோன்றல்களே.

ஒரு வாத்து கண்ணிமைக்கும் நேரத்தில் நீரில் மூழ்கியது. அதனால் உலகத்துப் போர்முறை மாறியது. இதில் வியப்பும் உண்டு, வேதனையும் உண்டு. வேதம் ஓதிய ஒருவர் விளையாட்டுக்காகக் கண்டது, விளையாட்டோடு நிற்கவில்லை.

கர்னலும் கைவினைஞரும்

நீர்ப்பறவை வேட்டையை ஓர் இலக்கியத் துறையாகவே ஆக்கியவர் கர்னல் பீட்டர் ஹாக்கர். 1786 இல் பிறந்த இவர் நெப்போலியனுக்கு எதிரான ஸ்பெயின் போரில், 1809 இல் டாலவேரா களத்தில் தொடையில் குண்டடி பட்டவர். படைப்பணி அதனோடு முடிவுக்கு வந்தது, வேட்டை முடியவில்லை. ஹாம்ப்சயர் மாவட்டத்தில் லாங்பாரிஷ் என்னும் ஊரில் வாழ்ந்த இவர், குளிர்காலங்களில் கீஹேவன் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்று தங்கி, சேற்றிலும் பனியிலும் தோணியிற் படுத்துக் காத்திருப்பார்.

1802 முதல் 1853 இல் தம் மறைவு வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். 1814 இல் அவர் வெளியிட்ட, இளைய வேட்டைக்காரர்களுக்கான அறிவுரை நூல் பல பதிப்புகளைக் கண்டது. இவர் இசைப் பித்தரும் ஆவார். பியானோ பயில்வோர் கைகளைச் சரியாக வைத்துக்கொள்ள உதவும் ஒரு கருவியையும் உருவாக்கினார். துப்பாக்கியையும் அவர் ஓர் இசைக்கருவியைப் போலவே நுணுகி நுணுகிச் சரிபார்த்தார். மருந்தின் அளவு, ஈயத்தின் பருமன், காற்றின் திசை, பறவை எழும்பும் கோணம் அனைத்தும் அவர் குறிப்புகளில் இடம்பெற்றன. கொன்ற பறவைகளின் எண்ணிக்கையும் பருவந்தோறும் இடம்பெற்றது. இன்று அதைப் படிப்போர்க்கு அவருடைய கூர்மையும் கூசாமையும் ஒருசேரத் தெரியும்.

அவருக்கு வாய்த்த கைவினைஞர் ஜோசப் மான்டன். 1766 இல் பிறந்த மான்டன், சிக்கிமுக்கித் துப்பாக்கியை அதன் எல்லைவரை செம்மைப்படுத்தியவர் என்று போற்றப்படுகிறார். பின்னாளில் புகழ்பெற்ற ஜேம்ஸ் பர்டி முதலிய துப்பாக்கிக் கொல்லர் சிலர் அவர் பட்டறையில் பயின்றவர்களே. எனினும் வழக்குகளும் செலவுகளும் அவரை வீழ்த்தின. 1826 இல் கடனாளியென அறிவிக்கப்பட்டார். 1835 இல் மறைந்தார். அவருடைய கல்லறை வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ஹாக்கரே. புலவனைப் புரவலன் பாடிய அரிய நிகழ்ச்சி என்று இதைக் கொள்ளலாம்.

எண்ணும் இழையும்

இத்துப்பாக்கிகளின் அளவைச் சொல்லும் முறை புதியவர்க்குப் புதிராகத் தோன்றும். பன்னிரண்டு, பத்து, எட்டு, நான்கு என்று எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் குழல் பன்னிரண்டாம் எண். நான்கு உருண்டைகளாக்கினால் நான்காம் எண். சாதாரண வேட்டைக்குப் பன்னிரண்டு. கழிமுகத்துக்குப் பத்தும் எட்டும். மிக உயரத்தில் பறக்கும் பெருவாத்துக்கு நான்கு. நான்காம் எண் துப்பாக்கி இருபது பவுண்டு வரை எடை காணும். அதைப் பனிக்காற்றில் தோளில் ஏந்தி, பறக்கும் பறவையின் போக்கை முன்கூட்டி உய்த்துணர்ந்து வெடிப்பது எளிய செயலன்று.

அக்குழல்கள் செய்யப்பட்ட விதம் கவிஞர்களுக்கு உவப்பானது. இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கி, காய்ச்சிச் சேர்த்து, கயிறுபோல் முறுக்கி, அம்முறுக்குக் கம்பிகளை ஒரு தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, மீண்டும் உலையிலிட்டு அடித்துக் குழலாக்குவர். மெருகிட்டபின் அதன் மேற்பரப்பில் நீரலை போலவும் மரத்தின் வயிரம் போலவும் கோலங்கள் தோன்றும். தமாஸ்கஸ் குழல் என்று அதற்குப் பெயர். பர்மிங்காம் நகரத்துக் கொல்லர்கள் இக்கலையில் தேர்ந்தவர்கள். அழகுக்காகத் தொடங்கியதல்ல இது; வலிமைக்காகச் செய்ததன் உடன்விளைவே அழகு. நல்ல யாப்பும் அத்தகையதே அல்லவா?

வெடிக்கும்போது குழல் சிதறினால் வேடனின் கையும் கண்ணும் போகும். ஆதலால் விற்பனைக்கு முன் ஒவ்வொரு குழலையும் மிகுமருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் ஏற்பட்டது. லண்டனில் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் 1813 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. மகுடத்தின் கீழ்க் குறுக்கிட்ட இரு செங்கோல்கள் பர்மிங்காமின் பழைய முத்திரை. சேகரிப்போர் முதலில் தேடுவது இம்முத்திரைகளையே. குழலின் காலமும் வரலாறும் அவற்றில் அடங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றங்கள் விரைந்தன. வாய்வழியே மருந்தை இடித்து நிரப்பும் முறை போய், பின்புறம் திறந்து தோட்டா இடும் முறை வந்தது. 1866 இல் நியூகாசில் நகரத்து பேப் என்பவர், குழலின் வாயைச் சற்றே ஒடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1870 களில் பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். மயிரிழை அளவே ஒடுக்கம். ஆயினும் நாற்பது கெஜத் தொலைவில் முப்பது அங்குல வட்டத்துக்குள் விழும் ஈயக் குண்டுகள், ஒடுக்கமற்ற குழலில் நூற்றுக்கு நாற்பது என்றால், முழு ஒடுக்கம் உள்ளதில் எழுபது. பறவைக்கு எஞ்சியிருந்த தொலைவு என்னும் அரணும் இவ்வாறு குறைந்தது.

தோணியில் கிடத்திய பீரங்கி

சந்தைக்கு வேட்டையாடியவர் வேறு வழி கண்டனர். தாழ்ந்த, குறுகிய தோணியொன்றில் குப்புறப் படுத்து, முன்பகுதியில் ஆளுயரத்தை மிஞ்சும் நீண்ட குழலைக் கிடத்தி, சிறு துடுப்பால் ஓசையின்றி நகர்ந்து, நீரில் அமர்ந்த கூட்டத்தை நெருங்குவர். ஒரே வெடியில் ஒரு பவுண்டு ஈயம் புறப்படும். அது தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியன்று. கயிற்றால் தோணியோடு பிணைத்த சிறு பீரங்கி. வெடித்ததும் தோணியே பின்னோக்கி நகரும்.

ஹாக்கர் 1820 களில் இரட்டைக் குழல் கொண்ட தோணித் துப்பாக்கியொன்றைச் செய்வித்தார். அதில் ஒரு குழல் புதிய முறையிலும் மற்றது பழைய சிக்கிமுக்கி முறையிலும் வெடிப்பன. இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்தால் அதிர்ச்சி மிகும். கல்லின் அந்தப் பழைய தாமதத்தால் ஒரு குழல் சற்றுப் பிந்தும். முதல் ஈயம் அமர்ந்த பறவையையும் அடுத்தது எழும் பறவையையும் எட்டும். எந்தக் குறையைப் போக்க ஃபோர்சைத் பாடுபட்டாரோ, அக்குறையையே ஹாக்கர் பயனாக மாற்றிக்கொண்டார்.

இத்தொழிலை எளிதென்று எண்ணலாகாது. உறைபனியில் இரவு முழுதும் கிடந்து, ஒரு நாய் குரைத்தாலும் வெறுங்கையோடு திரும்புவோர் பலர். ஓதம் பெருகித் தோணி கவிழ்ந்து மாண்டவர்களும் உண்டு. யார்க்சயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஸ்னோடன் ஸ்லைட்ஸ் என்னும் முதியவர், அவ்வட்டாரத்துத் தொழில்முறை வேடர்களில் கடைசியானவர் என அறியப்பட்டார். அவரைப் பற்றிய நூலொன்று 1912 இல் வெளிவந்தது. சதுப்புகள் வடிக்கப்பட்டு வயல்களாயின, பறவைகள் குறைந்தன, தொழிலும் அவரோடு தேய்ந்தது.

கருவி முற்றியபின்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறாண்டுக் காலம் பறவை ஒன்றைக் கற்பிக்க, மனிதன் கருவியைத் திருத்திக்கொண்டே வந்தான். பறவை ஒளியைக் கண்டது, ஒளியை ஒழித்தான். எட்டாத உயரத்தில் பறந்தது, குழலைப் பெருக்கினான், வாயை ஒடுக்கினான். ஒரு கட்டத்தில் பறவையிடம் கற்பிக்க ஒன்றும் எஞ்சவில்லை. அதன்பின் திருத்த வேண்டியது கருவியை அன்று, ஏந்திய கையை.

1869 இல் கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது. 1872, 1880 ஆண்டுகளின் சட்டங்கள் காப்பை விரித்தன. 1908 இல் ஸ்டான்லி டங்கன் என்பவர் நீர்ப்பறவை வேடர்களின் சங்கத்தைத் தோற்றுவித்தார். வேட்டை உரிமையைக் காப்பதோடு வேடர்க்கு ஒழுங்கைக் கற்பிப்பதும் அதன் நோக்கம். 1954 ஆம் ஆண்டுப் பறவைகள் காப்புச் சட்டம் வேட்டைப் பருவத்தை வரையறுத்தது. குழல் வாயின் உள்விட்டம் ஒன்றேமுக்கால் அங்குலத்தை மிஞ்சலாகாது என்றும் விதித்தது. 1981 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வரம்பைத் தொடர்ந்தது.

இம்மாற்றம் ஒரு மனிதரின் வாழ்விலேயே நிகழ்ந்ததைப் பீட்டர் ஸ்காட்டிடம் காண்கிறோம். தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த ராபர்ட் ஸ்காட்டின் மகன் இவர். 1909 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்ற நாளில் தோணித் துப்பாக்கியோடு கழிகளில் திரிந்த தேர்ந்த வேடர். அக்கழிகளையே ஓவியமாகத் தீட்டிய கலைஞர். எட்ட முடியாத சேற்றில் கால் முறிந்து உயிரோடு கிடந்த ஒரு பெருவாத்தின் நிலை தம் மனத்தை உலுக்கியதைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். 1946 இல் செவர்ன் ஆற்றங்கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்னுமிடத்தில் நீர்ப்பறவைக் காப்பகத்தை நிறுவினார். வேட்டையை அறவே கைவிட்டார். வேடர்க்கேயுரிய அறிவால் பறவைகளை நெருங்கி, ஈயத்துக்குப் பதில் வலையை வாணத்தால் பாயச் செய்து பிடித்து, வளையமிட்டு விடுத்தார். குளிர்காலத்தில் வரும் அன்னங்களின் அலகில் உள்ள மஞ்சள், கறுப்புக் கோலங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டு, ஒவ்வொன்றையும் வரைந்து பெயரிட்டார். எண்ணிக்கையாக இருந்த பறவை அவர் கையில் முகமுடையதாயிற்று.

சேர்ப்போரும் சுடுவோரும்

இன்று அப்பழந்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போர் அவற்றைப் பெரும்பாலும் ஏல விற்பனைகளிலும், பழைய பண்ணை வீடுகளின் பரண்களிலும் கண்டெடுக்கின்றனர். தோணித் துப்பாக்கிகளும் நான்காம் எண் குழல்களும் அருகியவை. மாறாத சிக்கிமுக்கித் துப்பாக்கி அவற்றினும் அரிது. புதுமுறை வந்ததும் உடையவர்களே பழையதை மாற்றிவிட்டனர். தேர்ந்தவர் குழலைக் கழற்றித் தொங்கவிட்டு விரலால் சுண்டுவர். நன்னிலையில் உள்ளது மணிபோல் ஒலிக்கும்; இணைப்பு விட்டிருந்தால் மழுங்கிய ஓசை எழும். குழற்சுவரின் கனத்தை அளவியால் அளப்பர். உட்புறத்துத் துருக்குழிகளை விளக்கொளியில் பார்ப்பர். கறுப்பு மருந்துக்கெனச் சோதிக்கப்பட்ட குழலில் புகையிலா மருந்தை இடுவது உயிருக்கே கேடு.

அந்நாட்டுச் சட்டம் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறது. 1968 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழம்பொருளாகவோ அழகுப் பொருளாகவோ வைத்திருக்கும் தொன்மையான துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. அதையே வெடிக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் உரிமம் வேண்டும். மௌனமாக இருக்கும்வரை அது அரும்பொருள். வாய் திறந்தால் ஆயுதம்.

சேகரிப்போரிடையே நிகழும் வாதமும் இதுவே. வெடித்துப் பார்க்காமல் அதன் செய்ந்நேர்த்தியை அறிய முடியாது என்பர் ஒரு சாரார். எடையின் சமநிலை, கட்டை தோளில் பொருந்தும் விதம், வெடித்தபின் புகை விலகும்வரை விளைவு தெரியாத அந்தக் காத்திருப்பு இவையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் புலப்படா. தேய்ந்த குழல் ஒவ்வொரு வெடியிலும் இன்னும் தேயும். நாம் காவலரேயன்றி உடையவரல்லர் என்பர் மற்றொரு சாரார். இதற்கிடையே 1999 முதல் இங்கிலாந்தில் வாத்து, பெருவாத்து வேட்டைக்கும் அலைவாய்க்கரைகளுக்கும் ஈயக் குண்டு விலக்கப்பட்டது. சேற்றில் தங்கிய ஈயத்தைக் கல்லென்று விழுங்கிய பறவைகள் நஞ்சேறி மாண்டன என்பது காரணம். எஃகுக் குண்டு பழைய மென்குழலைக் கெடுக்கும். ஆகவே பழந்துப்பாக்கியைக் கையாள்வோர் விலைமிக்க பிஸ்மத் குண்டுகளை நாடுகின்றனர். வேட்டையை விடுத்து, களிமண் தட்டுகளை வீசி அவற்றைக் குறிபார்ப்போரும் உளர். இங்கிலாந்தின் கௌபிட் என்னும் சதுப்புநிலத்து ஊரில், 1897 இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவில் தொடங்கி, முடிசூட்டு விழாக்களிலும் ஆட்சி விழாக்களிலும் தோணித் துப்பாக்கிகள் வெறும் மருந்திட்டு முழக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வொலியால் எந்தப் பறவையும் வீழ்வதில்லை.

அம்முழக்கமே நல்ல தீர்வு என்று எனக்குப் படுகிறது. கருவியை மறந்தால் கைவினைஞரை மறப்போம். அதன் அழகை மட்டும் போற்றினால், அது செய்ததை மறப்போம். இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டே ஏந்துவது கடினம்; அதுவே பொறுப்பு.

இவ்வரலாறு நம் மண்ணையும் ஒருமுறை தொட்டதுண்டு. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798 இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூர் மக்களுக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். ஃபோர்சைத் காப்புரிமை பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு நிகழ்ந்தது இது. வாத்தின் கண்ணை வெல்லும் வழியை ஒருவர் வடபுலக் கடற்கரையில் தேடிய காலத்தில், வேடர் தங்கிய ஊர் என்று பெயர் பெற்ற ஒரு சிற்றூர், பறவைக்காகக் கோரிக்கை ஓலையோடு நடந்து சென்றிருக்கிறது.

தூது சென்ற நாரையைப் பாடும் நாம், அது மீண்டு வந்து இறங்கும் ஏரியையும் பாட வேண்டும். அதைக் காத்தவர்களின் பெயர் எந்தக் குழலிலும் பொறிக்கப்படவில்லை.